எந்த நூறு பேர்?

சித்தப்பாவுக்குப் பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயில், புற்றுநோய் என்று தெரியவந்த வாரத்தில், செல்லூர் வீட்டுக்கு வந்தவர்கள் பழங்களோடு ஆளுக்கொரு கணக்கையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த தெருக்காரர், தன் மைத்துனருக்கு இதே ஆபரேஷன் நடந்து மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். உசிலம்பட்டி மாமா, கத்தி பட்டால் பரவிவிடும், சும்மா விட்டால் இரண்டு வருடமாவது ஓடும் என்று அடித்துச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் இரவெல்லாம் செல்போனில் படித்துவிட்டு, ஐந்து வருடம் இருப்பவர்கள் 10 சதவீதத்தை ஒட்டித்தான் என்று எனக்கு மட்டும் சொன்னான். ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டர் 30 என்றார். மாமா சொன்னதைத் தள்ளிவிட்டால், மற்ற மூவர் சொன்னதிலும் பொய் இல்லை. அதுதான் எனக்கு வெகுநாள் குடைச்சலாக இருந்தது.

சித்தப்பா கீழமாசி வீதியில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. வத்தல், மல்லி, பருப்பு வியாபாரம். குடி கிடையாது, வெற்றிலை மட்டும் உண்டு. அவருக்கு முதலில் வந்தது அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆரம்பித்து இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது. தோல் டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டே வேலைக்குப் போனார். பிறகுதான் கண் மஞ்சளாயிற்று, சிறுநீர் கறுத்தது, மலம் வெளிறியது. வலி மட்டும் இல்லை. பித்தக்கல் வந்து அடைத்தால் ஆளைத் துடிக்கவைக்கும். கட்டி மெல்ல நெருக்கி அடைக்கும்போது பெரும்பாலும் உடம்பு முனகுவதுகூட இல்லை. வலிக்காத காமாலைக்கு யார் பயப்படுவார்கள்?

எங்கள் பக்கத்தில் காமாலைக்கு முதல் மருந்து கீழாநெல்லி. மோரில் அரைத்துக் குடித்தார். அழகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் வெறும் வயிற்றில் கொடுக்கும் இலை மருந்தையும் சாப்பிட்டு, உப்பும் எண்ணெயும் விலக்கிப் பத்தியம் இருந்தார். அந்த மருந்துக்கு இவ்வளவு பேர் எப்படி உண்டாயிற்று என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கெட்ட தண்ணீரால் தொற்றுகிற ஹெபடைடிஸ் ஏ காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். இலை மருந்துக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்பவர்களில் அந்த வகைக்காரர்கள்தாம் அதிகம். அவர்கள் குணமாகி, ஊரெல்லாம் சொல்லி, இன்னும் பத்துப் பேரை அனுப்பிவைப்பார்கள். பித்தநாளம் அடைத்தவர் குணமாகாமல் ஸ்கேனுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து அந்த வரிசையில் நின்று நடந்ததைச் சொல்லப்போவதில்லை. எனவே வரிசையில் கேட்கிறவருக்கு அது தோற்காத மருந்து. சித்தப்பாவுக்கு அதில் போனது சில வாரங்கள். அந்த வாரங்களால் என்ன கெட்டது என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது. காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் ரத்தத்தில் 16 ஆகியிருந்தது என்பது மட்டும் தெரியும்.

ஸ்கேனில் கல்லீரலுக்குள் இருக்கும் நாளங்கள் எல்லாம் வீங்கியிருந்தன, பித்தப்பை மட்டும் சுருங்கிக் கிடந்தது. அடைப்பு பித்தப்பைக்கு மேலே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பித்தநாளங்களைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்ததில் இடம் துல்லியமாகத் தெரிந்தது: கல்லீரலின் வலப்பக்க நாளமும் இடப்பக்க நாளமும் வெளியே வந்து ஒன்றுசேரும் கவட்டில், வலப்பக்கம் கூடுதலாக ஏறிய கட்டி. பித்தநாளப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் வருகிறது. 1965-இல் ஜெரால்டு கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படிப்பட்ட 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதனால் டாக்டர்கள் இதைக் 'கிளாட்ஸ்கின் கட்டி' என்றே சொல்கிறார்கள். அவர் கவனித்தது இன்றைக்கும் பொருந்துகிறது. கட்டி சிறியது, மெதுவாக வளர்வது. ஆளைக் கொல்வது பல நேரம் அது பரவியதால் அல்ல, அடைப்பாலும் அந்த அடைப்பில் தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்வதாலும்தான்.

இடையில் ஒரு குழப்பம். நாளத்துக்குள் குழாய் விட்டுச் சுரண்டி எடுத்த செல்களில் புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வீடே கொண்டாடியது, அத்தை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனையே செய்துவிட்டு வந்தார். டாக்டர் அசையவில்லை. இந்தச் சுரண்டல் சோதனை, புற்றுநோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் அதைக் காட்டிக்கொடுக்கும், 'இல்லை' என்ற ரிப்போர்ட்டை நம்பி நிற்கக்கூடாது, படத்தில் தெரிவதை நம்புங்கள் என்றார். சி.ஏ. 19-9 என்ற ரத்தச் சோதனையும் அப்படித்தான்: காமாலை இருந்தாலே அது ஏறிக்கொள்ளும். புற்றுநோய் என்று உறுதிப்படாமல் வயிற்றைக் கிழிப்பதா என்று மாமா கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் இந்த நோயில் அறுத்து எடுத்த பிறகே உறுதி கிடைப்பவர்கள் உண்டு. முன்கூட்டியே உறுதி வேண்டும் என்று காத்திருப்பவர் ஆபரேஷன் செய்ய முடிகிற காலத்தைத் தவறவிடலாம்.

டாக்டர் அறையில்

சித்தப்பாவிடம் எதையும் சொல்லக்கூடாது என்பது வீட்டின் தீர்மானம். 'அடைப்பு' என்ற சொல்லுக்கு மேல் யாரும் போகவில்லை. டாக்டர் எங்களை மட்டும் அழைத்து 30 சதவீதம் என்று சொன்னதும் அதனால்தான். மறுநாள் சித்தப்பா, சட்டையை மாட்டிக்கொண்டு, கூப்பிடாமலே எங்களோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். கணக்குப்பிள்ளையிடம் எதை மறைக்க முடியும்? ஃபைலை எப்போதோ படித்திருக்கிறார்.

"எவ்வளவு நாள் என்று கேட்க வரவில்லை, டாக்டர். ஆபரேஷன் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, அதைச் சொல்லுங்கள்."

டாக்டர் எங்களைப் பார்த்தார். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். "அய்யா, இந்த ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள்."

"எந்த நூறு பேர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. சித்தப்பா விளக்கினார்: "மண்டியில் வத்தல் நூறு மூட்டைக்குப் பத்து மூட்டை சொத்தை என்று ஒருவர் வந்து சொன்னால், எந்த ஊர் வரத்து, களத்தில் மழை பட்டதா, எந்த மாதத்துச் சரக்கு என்று கேட்காமல் நாங்கள் விலை சொல்லமாட்டோம். அதனால் கேட்கிறேன். அந்த நூறு பேர் யார்? நான் அதில் இருக்கிறேனா?"

அதுவரை நாங்கள் பார்த்த டாக்டர் அவசரக்காரர், நின்றுகொண்டே பேசுபவர். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்கேன் உறையைத் திருப்பிப் பேனாவை எடுத்தார். இந்த இடத்தில் கட்டியோடு 100 பேர் வந்தால், ஆபரேஷன் செய்யத் தக்கவர்கள் 20 முதல் 35 பேர் வரைதான் என்று எழுதினார். மற்றவர்களுக்குக் கட்டி கல்லீரலின் இரண்டு பக்கமும் உள்ளே ஏறியிருக்கும், ரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கும், வேறு இடத்துக்குப் போயிருக்கும், அல்லது உடம்பு தாங்காது. தக்கவர்கள் என்று உள்ளே கொண்டுபோனவர்களிலும் சிலரை, வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு எடுக்க முடியாமல் மூட வேண்டியிருக்கும். எடுத்தவர்களில், நல்ல அனுபவமுள்ள ஆஸ்பத்திரிகளிலேயே 100-க்கு 5 முதல் 10 பேர் வரை அந்த ஆபரேஷனின் விளைவாலேயே இறந்துபோகிறார்கள். அதையும் தாண்டியவர்களிடம் இரண்டு கேள்வி: வெட்டிய ஓரத்தில் கட்டியின் மிச்சம் இல்லாமல் சுத்தமாக வந்ததா, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்ததா. ஓரம் சுத்தம், முடிச்சும் சுத்தம் என்றால் ஐந்து வருடம் தாண்டுவோர் 40-ஐத் தொடலாம், மேலேயும் போகலாம். முடிச்சில் இருந்தால் நன்றாகக் குறையும். ஓரத்தில் மிச்சம் இருந்தால் இன்னும் மோசம். "நான் சொன்ன முப்பது, எடுத்து முடித்த எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி. உங்களுக்கு எது என்று ஆபரேஷன் முடிந்து, பயாப்சி வந்த பிறகுதான் எனக்கே தெரியும்."

"அப்படியென்றால், செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த முப்பது எனக்கு உதவாது."

"கொஞ்சம்தான் உதவும்," என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாக் குடும்பங்களும் கேட்கிற எண், ஆபரேஷனுக்குப் பின்னால்தான் பிறக்கிறது. முன்னால் கேட்கிறவருக்கு டாக்டர் கொடுப்பது, எல்லாக் கட்டத்தையும் தாண்டி வந்தவர்களின் கணக்கு. பெங்களூர்த் தம்பி படித்த 10, எல்லா நிலையிலும் வந்த எல்லா நோயாளிகளையும், ஆபரேஷனே செய்ய முடியாதவர்களையும் சேர்த்தது. அடுத்த தெருக்காரரின் மைத்துனரைப் பற்றி நான் பிறகு விசாரித்தேன்; அவருக்கு இருந்தது கணையத்தின் தலைப்பகுதியில் வந்த புற்றுநோய். மஞ்சள் காமாலையோடு வந்ததும் பெரிய ஆபரேஷன் நடந்ததும் மட்டும்தான் ஒற்றுமை. ஒவ்வொருவரும் வேறு வேறு நூறு பேரைக் கூட்டிவந்து எங்கள் கூடத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

செய்யாவிட்டால் என்ன என்பதற்கும் டாக்டர் பதில் சொன்னார். அடைப்பில் ஸ்டென்ட், அதாவது வழியைத் திறந்துவைக்கும் சிறு குழாய், வைத்துக் காமாலையை இறக்கலாம். பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஏறக்குறைய மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். உலோக ஸ்டென்ட் அதைவிட நாள் தாங்கும். அதோடு இரண்டு மருந்து கீமோ. 2010-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், ஆபரேஷன் செய்ய முடியாதவர்களுக்கு இரண்டு மருந்தையும் கொடுத்தபோது பாதிப் பேர் 11.7 மாதம் தாண்டினார்கள். ஒரே மருந்து பெற்றவர்களுக்கு அது 8.1 மாதம். 2022-இல் வந்த ஆய்வில், நோயெதிர்ப்பு ஊசி ஒன்றையும் சேர்த்தபோது இரண்டு வருடம் தாண்டியவர்கள் நாலில் ஒருவர் ஆனார்கள். ஊசி இல்லாதவர்களில் அது பத்தில் ஒருவர். ஊசியின் விலை எங்களைப் போன்றவர்கள் பேசுகிற விலை இல்லை. மாமாவின் 'சும்மா விட்டால் இரண்டு வருடம்' எந்த நூறிலும் கிடைக்கவில்லை.

"நீங்கள் செய்தவர்களில் எப்படி?" என்றும் சித்தப்பா கேட்டார். நாங்கள் யாரும் ஒரு டாக்டரின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணியாத கேள்வி. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இது அடிக்கடி வரும் கட்டி இல்லை, வருடத்துக்குச் சில பேருக்குத்தான் செய்கிறேன், அதை வைத்துச் சதவீதம் போட்டால் ஏமாற்றாகும் என்றார். சென்னையில் இதை நிறையச் செய்கிறவர்களிடம் படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்கலாம் என்று அவரே கடிதமும் எழுதினார். சென்னையிலும் செய்யலாம் என்றே சொன்னார்கள். கேட்டால் கோபிக்கிற டாக்டரிடம் இந்த ஆபரேஷனுக்குப் போகவேண்டாம் என்பது என் கட்சி.

காத்திருந்த வாரங்கள்

சித்தப்பா செய்துகொள்வதாக முடிவெடுத்தார். உடனே தேதி கிடைக்கும் என்று நினைத்தோம், கிடைக்கவில்லை. வீட்டில் பெரிய சண்டை வந்தது அப்போதுதான். புற்றுநோய் என்கிறார்கள், ஆனால் நாளைக் கடத்துகிறார்கள், பணம் பிடுங்கத்தான் என்று பேச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. கையிலிருந்தும் போனது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் வேறு. கட்டி வலப்பக்கம் ஏறியிருந்ததால் கல்லீரலின் வலப்பாகம் முழுவதையும், அதோடு ஒட்டிய வால்பகுதியையும் எடுக்கவேண்டும். மிஞ்சுவது இடப்பாகம் மட்டும். காமாலையில் ஊறிய கல்லீரலில் மிச்சம் 30 முதல் 40 சதவீதமாவது இல்லாவிட்டால் ஆபரேஷன் வெற்றி பெற்றும் ஆள் பிழைப்பது கஷ்டம். அதனால் முதலில் விலாப்பக்கம் ஊசியால் துளைத்துக் குழாய் வைத்துப் பித்தத்தை ஒரு பைக்கு வெளியேற்றினார்கள். பிலிருபின் இறங்கிய பிறகு, வலப்பாகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையை உள்ளிருந்தே அடைத்தார்கள். அப்படி அடைத்தால் வலப்பாகம் சுருங்கும், இடப்பாகம் சில வாரங்களில் பெருக்கும். 1980-களில் ஜப்பானில் மசடோஷி மகுவுச்சியும் அவரது குழுவினரும் இந்த நோய்க்காகவே பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. அடைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். பழைய கணக்குகளைவிடப் புதிய கணக்குகள் நன்றாக இருப்பதற்கு இப்படிக் காத்திருக்கக் கற்றுக்கொண்டதும் ஒரு காரணம்.

அந்த வாரங்கள் சுலபமாகப் போகவில்லை. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு வேட்டிக்கு மேல் துண்டால் மறைத்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மாலை கட்டிலே ஆடும்படி குளிர் வந்து காய்ச்சல் ஏறியது. குழாய் வழியே கிருமி. இரவோடு இரவாகக் கோரிப்பாளையம் பாலத்தைத் தாண்டி ஓடினோம். அரிப்பு நின்றிருந்தது, அதைச் சொல்லவேண்டும். பல வாரங்களுக்குப் பிறகு அவர் இரவில் தூங்கினார்.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. காலையில் உள்ளே போனார், இருட்டிய பிறகு வெளியே கொண்டுவந்தார்கள். மிஞ்சிய நாளத்தோடு சிறுகுடலை மேலே இழுத்துத் தைத்திருந்தார்கள். தையலில் பித்தம் கசிந்து, வீட்டுக்கு வருவது தள்ளிப்போனது. பயாப்சியில் ஓரம் சுத்தம்; ஒரு நிணநீர் முடிச்சில் மட்டும் நோய். டாக்டர் உறையில் எழுதிய கடைசி இரண்டு கேள்விக்கும் இப்படிக் கலந்த பதில் வந்தது.

பிறகு ஆறு மாதம் கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை. பிரிட்டனில் 447 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 51 மாதம் தாண்டினார்கள், சாப்பிடாதவர்களில் 36 மாதம். பார்க்கப் பெரிய வித்தியாசம். ஆனால் சேர்த்த எல்லோரையும் வைத்துப் போட்ட முழுக்கணக்கில் அது தற்செயல் அல்ல என்று சொல்வதற்குப் புள்ளியியல் போடும் கோட்டைத் தாண்டவில்லை. டாக்டர் இதையும் மறைக்கவில்லை. சித்தப்பாவுக்கு அந்த நேர்மை பிடித்துப்போய், "லாபம் உறுதி இல்லை, நட்டம் தாங்கக்கூடியது, எடுத்துக்கொள்கிறேன்" என்றார். உள்ளங்காலில் தோல் உரிந்து செருப்புப் போட முடியாமல் போனது. அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள், முடித்தார்.

இப்போது

இரண்டாவது வருடம் தாண்டிவிட்டது. இந்த நோய் திரும்புவதானால் முதல் இரண்டு வருடத்தில் திரும்புவதே அதிகம். எனவே இன்றைக்கு அவருடைய நூறு பேர் வேறு: இரண்டு வருடம் நோய் திரும்பாமல் கடந்தவர்கள். அவர்களில் ஐந்தைத் தொடுகிறவர்களின் பங்கு, ஆபரேஷன் மேசையில் படுத்தவர்களின் பங்கைவிடக் கூடுதல். முடிச்சில் நோய் இருந்தது என்ற ஒரு குறை கூடவே வரும். ஐந்தைத் தாண்டிய பிறகும் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். "கண்டம் தாண்டியாச்சா?" என்று விசேஷ வீடுகளில் கேட்கிறவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? தாண்டியாச்சு என்று சித்தி சொல்லிவிடுகிறார். அந்த உறையைக் கிழித்துப் போட்டவரும் சித்திதான். தன்னிடம் யாரும் கேட்காமல் அத்தனை எண்களையும் தன் காதில் போட்டது அநியாயம் என்பது சித்தியின் எண்ணம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்துகொள்ளும் உரிமை சித்தப்பாவுடையது. ஆனால் கேட்டதைச் சுமந்துகொண்டு சமைத்தவர் சித்தி.

உசிலம்பட்டி மாமா கட்சி மாறிவிட்டார். யாருக்கு எந்தப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டாலும், "என் மச்சினன் ஜம்மென்று இருக்கிறார், உடனே ஆபரேஷன் செய்யுங்கள்" என்கிறார். சித்தப்பாவுக்கு அது ஆத்திரம். தன்னை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் திரும்பாதவர்களை விட்டுவிடுகிறாரே என்று ஒரு காதுகுத்து வீட்டில் முகத்துக்கு நேராகவே கேட்டார். மாமா அப்படிச் சொல்லி அனுப்பித்தான் மேலூரிலிருந்து ஒருவர் தன் தாயாரின் ஃபைலோடு வந்தார். அந்த அம்மாவுக்கு 78 வயது, இதய நோய், கட்டி இரண்டு பக்கமும் ஏறியிருந்தது. செய்யச் சொல்லுங்கள் என்று என்னையும் சித்தப்பாவையும் கெஞ்சினார். சித்தப்பா ஃபைலைப் பார்த்தார், டாக்டரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், செய் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அந்த அம்மா உலோக ஸ்டென்ட் போதும் என்று தானே சொல்லிவிட்டார். அரிப்பும் காமாலையும் போய், மகனோடு பேரன் கல்யாணத்துக்குப் போய்வந்தார். அவருடைய கணக்கில் அது சரியான முடிவு. சித்தப்பாவுக்கு அது சரியாக இருந்திருக்காது.

அடுத்த ஸ்கேன் மாசியில். சித்தப்பா அரைநாள் மண்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வத்தல் வரத்து தொடங்குகிற நேரம், ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். டாக்டர் முடியாது என்றுவிட்டார்.